ஒன்பதாவது கிளெய்மில் ஒரு யானை

அன்புள்ள கண்ணு,

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். அப்பா போன் செய்தால் எடுக்கிறாய், நான் செய்தால் ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று ஒரு வரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்கு ஓயாத மீட்டிங். இரண்டே பேர் நடத்துகிற கம்பெனியில் அப்படி யாரோடுதான் மீட்டிங் என்று உன் கூட்டாளி அஸ்லமைக் கேட்டேன். அவன் பாவம், பொய்யும் சொல்ல வராமல் உண்மையும் சொல்ல முடியாமல், டவர் சரியாகக் கிடைக்கவில்லை என்று போனை வைத்துவிட்டான். வயர்லெஸ் கம்பெனிக்காரனுக்கே டவர் கிடைக்கவில்லை என்றால் நான் எங்கே போவது? அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதுதான் எனக்கு வசதியும்கூட. பேட்டன்ட் அலுவலகத்தில், வருகிற கண்டுபிடிப்பு புதுசுதானா என்று சோதிக்கிற எக்ஸாமினராக உட்கார்ந்து எழுதி எழுதியே சம்பளம் வாங்கியவள் நான். வாயால் சொல்லச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதை ஞாயிற்றுக்கிழமை நீயே பார்த்தாய்.

இதை உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். நீ சரி என்றால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன். ‘சொந்த மகனுக்காகப் பழைய ஆபீஸுக்கு ஒரு போன் போட மாட்டாளாம்’ என்கிற செய்தி அதற்குள் கிணத்துக்கடவைத் தாண்டிக் கொடுமுடி வரைக்கும் போய்விட்டது. உன் அத்தை அங்கிருந்து கூப்பிட்டு, அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்டாள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பயப்படாதே, உன் ரகசியம் எதையும் நான் வெளியே விட்டுவிட மாட்டேன். உன் பேட்டன்ட் விண்ணப்பம் பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வெளியாகிவிட்டது. இனி அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பேசலாம். ரிட்டையர் ஆனாலும் சில பழக்கங்கள் போவதில்லை.

அன்றைக்கு நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். நீ பார்த்தபடி நீ பிறகு சொல். நீயும் அஸ்லமும் மத்தியானம் சாப்பிட வந்தீர்கள். உன் பையில் ஹியரிங் நோட்டீஸ் இருந்தது. எக்ஸாமினரின் பரிசோதனை அறிக்கைக்கு உங்கள் பேட்டன்ட் ஏஜென்ட் எழுதிய பதிலை அலுவலகம் ஏற்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை, முடிவு சொல்கிற அதிகாரியான கன்ட்ரோலர் முன்னால் வீடியோவில் பேச வேண்டும். ஒன்பது கிளெய்ம்களுக்கும், அதாவது என்னுடையது என்று நீ உரிமை கேட்ட ஒன்பதுக்கும், ஆட்சேபணை. பேட்டன்ட் கிடைக்காமல் போனால் கம்பெனியை மூடிவிட்டு பெங்களூரில் கூப்பிடுகிற வேலைக்குப் போய்விடுவேன் என்று சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாய். அஸ்லம் கையை இலையில் வைத்தபடி உன் முகத்தைப் பார்த்தான். அவனிடம்கூட நீ அதுவரை சொல்லியிருக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ ஒன்றை இழந்துவிடுவாயோ என்று பயந்தேன். பேட்டன்ட்டைச் சொல்லவில்லை, அஸ்லமைச் சொல்கிறேன்.

அப்போது பார்த்து, நம்மோடு சாப்பிட உட்கார்ந்திருந்த உன் பெரியப்பா வாயைத் திறந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் கனெக்‌ஷனிலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் அவர் எதையும் ஒரு போனில்தான் முடிப்பார். உலகமே அப்படித்தான் ஓடுகிறது என்பது அவர் எண்ணம்.

“ஏனம்மணி, நீ இருந்த ஆபீஸ்தான? தெரிஞ்சவங்களுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிப்போட்டா முடிஞ்சுது” என்றார்.

பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன் போலிருக்கிறது, உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை உடைக்க ஆரம்பித்துவிட்டார். நீ பெரியப்பாவை மறுத்து ஒரு வார்த்தை பேசுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ நோட்டீஸையும் விண்ணப்பத்தையும் பையிலிருந்து எடுத்து என் பக்கம் நகர்த்தினாய்.

“போன் வேண்டாமுங்கம்மா. நீங்களே படிச்சுப்போட்டுச் சொல்லுங்க. இது புதுசுதானுங்களா, இல்லீங்களா?”

முதல் கிளெய்மைப் படித்தேன். எக்ஸாமினர் அதற்கு எதிராகக் காட்டியிருந்த பழைய வெளிநாட்டு ஆவணத்தையும் படித்தேன். காகிதத்தை மூடி வைத்துவிட்டு, ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் நீ கை கழுவியிருந்தாய். “புரிஞ்சுபோச்சுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, காகிதங்களை மேஜையிலேயே விட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாய். பாயசத்தைத் தொடவில்லை. அஸ்லம் மட்டும் மரியாதைக்கு நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு உன் பின்னால் ஓடினான்.

என் மௌனத்துக்கு நீ ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டாய். அதில் பாதி சரி. அதை மறைக்க மாட்டேன். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வயர்லெஸ் பைத்தியம் உனக்கு எங்கே பிடித்தது என்று நினைவிருக்கிறதா? நீ காலேஜில் சேர்ந்த புதிது. அப்போது நீயும் நானும் சென்னையில், அப்பா தோப்போடு கிணத்துக்கடவில். கிணற்று மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார். வீட்டில் இருந்தபடியே அந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டால் மோட்டார் ஓடும். அப்பாவுக்கு அது பெரிய பெருமை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஓட்டிக் காட்டுவார். நீ லீவுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் யாரும் கூப்பிடாமலே மோட்டார் ஓடி, வாய்க்கால் நிரம்பி, பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியெல்லாம் தண்ணீரில் நின்றது. பெரியப்பா ஏதோ சேட்டை என்றார். நீதான் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தாய். லோன் வேண்டுமா என்று கேட்க யாரோ அந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார்கள். எந்த நம்பரிலிருந்து வந்தாலும் ஓடுகிற மாதிரி செய்த மலிவு ஸ்டார்ட்டர் அது. நம் மோட்டாருக்கே லோன் கொடுக்கப் பார்த்தார்கள் என்று அப்பா வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. பேசுகிறது யார் என்று தெரியாமல் காதைத் திறந்து வைத்திருக்கிற கருவி என்ன கருவி என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தபோது, இவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சம்பளம் வருகிற வேலையைச் சொல்லவில்லை.

பிறகு நீயும் அஸ்லமும் சேர்ந்து தொண்டாமுத்தூரில் யானைக்கான கருவியைச் செய்தீர்கள். நம் குழுவில் பாதிப் பேருக்கு நீ என்ன செய்கிறாய் என்றே தெரியாது, ஏதோ டவர் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், தப்பிருந்தால் நீ திருத்து. மலை அடிவாரத் தோட்டங்களின் ஓரத்தில் கம்பம் கம்பமாக நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கருவி. பக்கத்தில் யானை வந்தால் கருவி அதை உணர்ந்து, ஊருக்குள் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கிற பெட்டிக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து விவசாயிகளின் போனுக்குப் போகும். கருவியிலிருந்து பெட்டிக்குப் போகிற செய்திக்கு அப்லிங்க் என்று பெயர். கூட்டமாக யானை வந்தால் எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கத்தும். ஒரே அலைவரிசையில் ஒன்றாகக் கத்தினால் பெட்டிக்கு ஒன்றும் விளங்காது. நீ போன் செய்தால் அப்பாவும் நானும் பெரியப்பாவும் ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் பேசுவோமே, அந்த மாதிரி. அதனால் ஒவ்வொரு கருவியும் தன் செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு அலைவரிசையில் தாவித் தாவி அனுப்பும். எந்தக் கருவி எந்த வரிசையில் தாவும் என்பது அதற்குக் கொடுத்த எண்ணை வைத்து முடிவாகும். பெட்டிக்கும் அது தெரியும் என்பதால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

உன் முதல் கிளெய்ம் இதுதான். இது உன்னுடையது இல்லை கண்ணு.

கையை உதறிவிட்டு எழுந்து போய்விடாதே, மேலே படி. எக்ஸாமினர் காட்டியிருக்கிற அந்த வெளிநாட்டு ஆவணத்தில் தொழிற்சாலை மீட்டர்களுக்காக இதையே செய்திருக்கிறார்கள். துண்டாக்குவது, தாவுவது, எண்ணை வைத்து வரிசை போடுவது, எல்லாம் இருக்கிறது. நீ அதைப் பார்த்துச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் மூளையிலிருந்துதான் வந்தது, நீ தூங்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உனக்கு முன்னால் இன்னொருவருக்கும் வந்துவிட்டது. இரண்டிலிருந்து எட்டு வரைக்கும் இருக்கிற கிளெய்ம்கள் அந்த முதலாவதின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவை. சொந்தமாகப் புதிதாக எதையும் சேர்க்காததால், முதலாவது விழுந்தால் அவையும் விழும். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ பேருக்கு எழுதிய வரிதான், என் பிள்ளைக்கு என்றவுடன் ரசத்தைத் தேடி அடுப்படிக்குப் போய்விட்டேன். ரசம் மேஜை மேலேயே இருந்தது, நீ கவனித்தாயோ என்னவோ.

போன் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்த ஆபீஸில் யார் உன் ஃபைலைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. நான் போன் போடுகிறேன், அங்கே யாரோ எனக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், உனக்குப் பேட்டன்ட் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள். அப்படி யாரும் மூடிக்கொள்ள மாட்டார்கள், சும்மா பேச்சுக்குச் சொல்கிறேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாய். ஆனால் நான் செய்தது புதுசா, அம்மா வாங்கிக் கொடுத்ததா என்று உனக்கே ஒருநாளும் தெரியாமல் போய்விடும். ஒருவன் தான் செய்தது என்ன என்று தெரியாமலே வாழ்வதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது. அந்தக் கஷ்டத்தை உனக்கு நான் கொடுக்க மாட்டேன். பெரியப்பா இதை நிதானமாகப் படிக்கட்டும்.

அவருக்குப் புரிகிற மாதிரியே கிளெய்ம் என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் என்பது வேலி. இதற்குள் இருப்பது என்னுடையது, வெளியே இருப்பது ஊருடையது என்று வாக்கியத்தால் போடுகிற வேலி. பெரியப்பா ஒரு தடவை தோட்டத்து வடக்கு வேலியைப் பொது வாய்க்கால் வரைக்கும் தள்ளிப் போட்டாரே, சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்த அன்றைக்கு என்ன ஆயிற்று? தள்ளிப் போட்டது போனதோடு, உண்மையிலேயே அவருடையதாக இருந்த மூலையையும் எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். உன் ஏஜென்ட் உனக்கு அப்படித்தான் வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார். பெரிதாகக் கேட்டுப் பார்ப்போம் என்பது அவர் தொழில், அதில் தப்பில்லை. நீ அதையே உன் நிலம் என்று நம்பிவிட்டாய்.

இப்போது மீதிப் பாதிக்கு வருகிறேன். நான் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன் என்று நீ சின்ன வயதில் கேலி செய்வாய். ஆபீஸில் வந்த பழக்கம் அது. கிளெய்ம்களையும் நான் கடைசியிலிருந்துதான் படிப்பேன். முதல் கிளெய்மில் ஆசை இருக்கும், கடைசி கிளெய்மில்தான் ஆள் இருப்பான். அவனுக்கு மட்டுமே தெரிந்த சின்ன விஷயத்தை, விட மனசில்லாமல், கடைசியில் கொண்டுவந்து சொருகியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை நீ காகிதத்தை நீட்டிய வேகத்தில் நான் முறை தவறி மேலேயிருந்து படித்துவிட்டேன். மறுநாள் காலையில் குளித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸுக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்து ஒன்பதாவதிலிருந்து படித்தேன். காபி ஆறிப்போய், அப்பா அதைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்து, அது மறுபடியும் ஆறியது.

ஒன்பதாவதில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரிகிறதா? பக்கத்துக் கம்பத்துக் கருவி கத்துவதைக் கேட்கிற கருவி, அது எந்த அலைவரிசையில் தாவிக்கொண்டிருக்கிறது என்று கவனித்து, தன் தாவலை அதோடு முட்டாத இடத்திலிருந்து தொடங்கத் தயாராக இருந்துகொள்ளும். ஏனென்றால் நகரும் பொருள் அடுத்ததாகத் தன்னிடம்தான் வரப்போகிறது. அந்த வெளிநாட்டு மீட்டர்களுக்கு அடுத்தது யார் என்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. சுவரில் மாட்டியிருக்கிற மீட்டரிடம் யார் நடந்து வரப்போகிறார்கள்? எக்ஸாமினர் காட்டிய இரண்டாவது ஆவணத்திலும் இது இல்லை. நான் வீட்டில் இருந்தபடி தேட முடிந்த இடங்களிலெல்லாம் தேடினேன். எனக்கு அகப்படவில்லை. என் பிள்ளை செய்தது என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்று ஒரு பயம் வந்தது. அதனால் நேரில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

உனக்குத் தெரியாமல் செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் தொண்டாமுத்தூருக்குப் போய் வந்தோம். உக்கடத்தில் அஸ்லம் ஏறிக்கொண்டான். அவனைத் திட்டாதே, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். பேரூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, அடிவாரம் போய்ச் சேரும்போது மலையே தெரியவில்லை. ராஜாமணி என்று ஒரு அம்மா, வாழையும் பாக்கும் போட்டிருக்கிறார், அவர் தோட்டத்து ஓரத்தில்தான் உங்கள் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. என்னை யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. இந்தக் கருவி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

“முன்னயெல்லாம் ஆனை வந்துருச்சுன்னு மட்டுந்தானுங்க சொல்லும். எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாம நடுங்கிட்டு நிப்பமுங்க. இப்ப ஒவ்வொரு கம்பமா வரிசையாச் சொல்லிட்டே போகுதுங்க. வடக்கால போச்சுன்னா கன்னுக்குட்டிய அவுத்து உள்ள கட்டோணும். தெக்கால போச்சுன்னா ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்குவனுங்க” என்றார்.

எப்போதிருந்து இப்படி வரிசையாக வருகிறது என்று அப்பா கேட்டார். அந்தத் தம்பி போன வருஷம் வந்து கருவிக்குள் என்னமோ மாற்றிவிட்டுப் போன பிறகு என்று அவர் சொன்னார். அந்தத் தம்பி நீ. அந்த மாற்றம் உன் ஒன்பதாவது கிளெய்ம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைதானே, யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும், என் கையைப் பிடித்து வரப்பில் ஏற்றிவிட்டார்.

பக்கத்துக் கருவிகள் ஒன்றையொன்று முட்டாமல் பேசுவதால்தான் செய்திகள் வந்த வரிசை கலையாமல் பெட்டிக்குப் போகிறது. வரிசை கலையாததால்தான் யானை போகிற திசை தெரிகிறது. எக்ஸாமினர் கேட்பது இதைத்தான். அறிக்கையை மறுபடி எடுத்துப் பார். ஒன்பதாவதுக்குக் கீழே, இது துறை தெரிந்த யாரும் செய்யக்கூடிய சாதாரண மாற்றம் என்று எழுதிவிட்டு, இதனால் கிடைக்கும் தொழில்நுட்பப் பலன் என்ன என்று தெளிவாக இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. நீ முதல் பாதியைப் படித்துவிட்டு மனசு உடைந்துபோனாய். இரண்டாவது பாதி ஒரு கேள்வி. உன் ஏஜென்ட் அதற்குப் பதிலே சொல்லாமல் முதல் கிளெய்முக்காகப் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார். அந்த எக்ஸாமினர் யாரோ, மேஜை நிறைய ஃபைல்களோடு உட்கார்ந்திருப்பவர், உனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நானும் அப்படிப்பட்ட வரிகளை எழுதியிருக்கிறேன். யாராவது கவனிக்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் அவருக்குப் பலன் எப்படித் தெரியும்? நீதான் யானையை ஒளித்து வைத்துவிட்டாயே. ‘நகரும் பொருள்’ என்று எழுதியிருக்கிறாய். பெல்ட்டில் போகிற பிஸ்கட் டப்பாவும் நகரும் பொருள்தான். விளக்கப் பகுதி முழுக்கத் தேடினேன், எல்லா இடத்திலும் நகரும் பொருள், நகரும் பொருள். யானை எங்கேயும் இல்லை. எனக்கு உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் தாக்கல் செய்த நாளில் விண்ணப்பத்தில் இல்லாத எதையும் இப்போது புதிதாகச் சேர்க்கச் சட்டம் விடாது. யானை உள்ளே இல்லையென்றால் இல்லைதான். ராஜாமணியம்மா சொன்னதையெல்லாம் ஹியரிங்கில் சொல்லலாம், ஆனால் கிளெய்முக்குள் கொண்டுவர முடியாது. வரும் வழியில் காரிலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் படங்கள். ஆறாவது படத்தில் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் ஓரமாக ஒரு பிராணி நடந்து போகிறது. பார்த்தால் எருமை மாதிரி இருந்தது. தும்பிக்கைக்குப் பதிலாக ஏதோ குழாய். பக்கத்தில் 14 என்று எண். படங்களுக்கான எண் பட்டியலில் போய்த் தேடினால், ‘14, கம்பங்களின் வரிசைப்படி நடந்து செல்லும் யானை’. காருக்குள் நான் போட்ட சத்தத்தில் அப்பா பிரேக் பிடித்துவிட்டார்.

அஸ்லம்தான் வரைந்தானாம். கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். நீ அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாயாம், பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள் என்றாயாம். அவன் மட்டும் கேட்கவில்லை.

“ஆனைக்குத்தானடா செஞ்சோம், ஆனையில்லாம எப்படிடான்னு கேட்டனுங்கம்மா” என்றான்.

எதற்குக் கண்ணு வெட்கம்? அந்த வெளிநாட்டு ஆவணத்தின் பாஷையைப் பார்த்துப் பார்த்து, அப்படி எழுதினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்துவிட்டாய் போல. எனக்கும் அந்த வியாதி இருந்தது. சென்னையில் சேர்ந்த புதிதில் பேச்சில் ஒரு ‘ங்க’ வந்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பேசுவேன். யாரும் என்னை அதற்காக மதிக்கவில்லை. நீ செய்ததில் புதிதாக இருப்பது எதுவோ, அது முழுக்க அந்த அடிவாரத்திலிருந்து வந்தது. யானை கம்பம் கம்பமாக நடந்து போகிறதை நீ நேரில் பார்த்ததால் வந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு உன்னைவிடப் பெரிய மூளையும் பெரிய ஆய்வுக்கூடமும் இருந்திருக்கலாம், யானை இல்லை.

வியாழக்கிழமைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், முடிவு உன்னுடையது. பேச்சு ஆரம்பித்ததுமே ஒன்று முதல் எட்டு வரை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லிவிடு. ஏஜென்ட் சொல்லட்டும் என்று விடாதே, உன் வாயால் சொல். என்னுடையது இல்லை என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதே, அதில் அவமானம் எதுவும் கிடையாது. அப்புறம் ஆறாவது படத்தை எடுத்துக் காட்டி, அந்த யானை எப்படி நடக்கிறது, கருவி எப்படிக் காத்திருக்கிறது, அந்த அம்மா எப்போது கன்றுக்குட்டியை அவிழ்க்கிறார், எப்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று நிதானமாகச் சொல். ஹியரிங் முடிந்ததும் திருத்திய கிளெய்மை எழுத்தில் கொடுக்க அவகாசம் தருவார்கள். அதில் நகரும் பொருளை எடுத்துவிட்டு யானை என்று போடு. வேலி சின்னதாகிவிடும் என்று ஏஜென்ட் முனகுவார். உன் நிலம் எவ்வளவோ அவ்வளவுக்கு வேலி போதும்.

பெங்களூர் விஷயமும் ஒன்று இருக்கிறது. போக வேண்டுமானால் போ. நல்ல வேலை, நல்ல ஊர், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கன்ட்ரோலர் இல்லை என்று சொன்னதற்காகப் போகாதே, உனக்குப் பிடித்திருந்தால் போ. போவதை அஸ்லமிடம் முதலில் சொல், சாப்பாட்டு மேஜையில் மற்றவர்களுக்குச் சொல்வது அவன் காதில் விழுகிற மாதிரி சொல்லாதே. நீ எடுக்கச் சொன்ன யானையை எடுக்காமல் வைத்திருந்தவன் அவன்.

எல்லாம் சொல்லியும் அவர்கள் மறுக்கலாம். எனக்குக் கிடைக்காத ஏதோ ஒரு பழைய காகிதம் அவர்கள் கையில் இருக்கலாம். அப்படி இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி, நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன், அப்போதும் நீ என்மேல் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கும் அந்தக் கம்பங்கள் வரிசையாகப் பேசிக்கொண்டுதான் இருக்கும். தெற்கால போகிறது என்று போனில் வந்தால் ராஜாமணியம்மா வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை.

நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. புதுசுதானுங்களா, இல்லீங்களா என்று கேட்டாய். ஒன்று முதல் எட்டு வரை, இல்லை. ஒன்பது, ஆமாம். இல்லை என்கிற வார்த்தையை வேலைக்காலம் முழுக்க எழுதித் தீர்த்தவள் நான். ஆமாம் என்று எழுதியது கொஞ்சம்தான், எழுதியபோதெல்லாம் அது யாருடையது என்று முகம் தெரிந்ததில்லை, ஃபைலை மூடி அடுத்ததை எடுத்துவிடுவேன். இன்றைக்கு எழுதும்போது முகம் தெரிகிறது. மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நின்ற அதே முகம். அதனால் இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். ஆமாம் கண்ணு, புதுசு.

ஞாயிற்றுக்கிழமை அஸ்லமையும் கூட்டிக்கொண்டு வா. அவன் வரைந்த யானையை எருமை என்று சொன்னதற்கு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பாயசம் மறுபடியும் வைக்கிறேன், இந்தத் தடவை குடித்துவிட்டுப் போ.

அன்புடன்,
அம்மா